கடைமடைக்கும் காற்று: டக்ட் ஏசியில் பங்கீடு செய்யும் முறை

மணவறைக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துகிறார்கள். அதே மண்டபத்தின் கடைசி வரிசையில் அழைப்பிதழை எடுத்து விசிறுகிறார்கள். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இந்தக் கரையோரம் முழுக்க, டக்ட் (குளிர்காற்று போகும் பெரிய குழாய்) போட்ட மண்டபங்களிலும் புடவைக் கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் கேட்கிற முறைப்பாடு "ஏசி பத்தாது" என்பதுதான். செய்கிற வைத்தியமும் எங்கும் ஒன்றுதான். முதலில் காஸ் அடிப்பார்கள். சரிவராவிட்டால் தெர்மோஸ்டாட்டை 18க்கு இறக்குவார்கள். அதுவும் சரிவராவிட்டால் கடைசிச் சுவரில் இன்னொரு ஸ்ப்ளிட் ஏசி ஏறும். கரண்ட் பில் கூடும், முன்வரிசை இன்னும் நடுங்கும்.

இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் இயந்திரத்தில் குளிருக்குக் குறைவிருக்காது. குளிர்ந்த காற்று பங்கிடப்படாமல் கிடக்கும்.

வயல் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தப் பெரிய பாடு இல்லை. கல்லோயாக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது தலைமடைக்காரர் தன் கதவை முழுக்கத் திறந்து வைத்தால் கடைமடைக்கு வரம்பு நனையக்கூடத் தண்ணீர் போகாது. அதற்காகக் குளத்தைப் பெருப்பிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை போய் மேல்மடைக் கதவுகளை அளவாக இறக்குவார், தண்ணீர் தானாகக் கீழே நடக்கும். டக்டும் ஒரு வாய்க்கால்தான். காற்றைத் தள்ளுகிற ஃபேனான புளோவருக்குக் கிட்ட உள்ள கிளையில் எதிர்ப்புக் குறைவு, காற்று அங்கே பாய்ந்துவிடும். தூரத்துக் கிளைக்கு மிச்சம்தான். டக்டுக்குள் அந்தக் கதவு மாதிரித் திருப்பி மூடுகிற தகட்டுக்கு டம்பர் என்று பெயர். வளைகுடாவில் கட்டட வேலை செய்துவிட்டு வந்த தம்பிமாருக்கு இது பழக்கமான வேலை. அங்கே பெரிய கட்டடங்களில் அளந்து, பங்கிட்டு, தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலையைக் கையேற்பார்கள். இங்கே டம்பர்கள் பொருத்தப்பட்ட நாளில் இருந்தபடியே சீலிங்குக்குள் கிடக்கின்றன. சில இடங்களில் டம்பரே இல்லை.

கை வைப்பதற்கு முன்

டம்பரைத் தொடுவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு அளந்தால் அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

ஃபில்டர் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். காற்றைக் குளிர்விக்கும் கொயிலின் அலுமினியத் தகடுகளுக்கிடையில் டோர்ச் அடித்தால் வெளிச்சம் மறுபக்கம் வர வேண்டும். புளோவர் சக்கரத்தின் குழிவான இதழ்களில் தூசி அப்பியிருந்தால் அது காற்றை அள்ளாது. விரல் நகத்தால் ஒரு இதழைச் சுரண்டிப் பாருங்கள், நாணயத் தடிப்பில் தூசி வந்தால் முதலில் அதைக் கழுவ வேண்டும். பெல்ட் ஓட்டமென்றால், இரண்டு கப்பிகளுக்கும் நடுவில் அமத்தும்போது, கப்பிகளுக்கிடையிலான ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும் 16 மில்லிமீற்றர் அளவு தாழ்ந்தால் போதும். அதைவிடத் தாழ்ந்தால் பெல்ட் வழுக்கும், தாழவே இல்லையென்றால் பேரிங் போய்விடும்.

அடுத்தது சுழலும் திசை. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பெட்டிக்குள் இருக்கிற இந்த வகை புளோவர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாயால்தான் வெளியே வரும், பின்னால் இழுக்காது. ஆனால் வரும் காற்று பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். கையை வைத்துப் பார்த்து "காத்து வருகுதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனால் பிழை பிடிபடாது. மூன்று பேஸ் மோட்டரில் ஏதாவது இரண்டு வயர் மாறினாலே திசை மாறிவிடும். "ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் குளிர் பத்தாது" என்று யாராவது சொன்னால் வேறெதையும் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள். மெயின் கரண்டின் பேஸ் வரிசையும் ஜெனரேட்டரின் பேஸ் வரிசையும் ஒன்றாக இல்லாவிட்டால், கரண்ட் போன நேரமெல்லாம் புளோவர் பின்பக்கம் சுற்றும். ஸ்க்ரோல் கொம்பிரசரும் கூடச் சேர்ந்து பின்பக்கம் சுற்றிக் கத்தும், அழுத்தமும் ஏறாது. ஜெனரேட்டர் பக்கத்தில் இரண்டு வயரை மாற்றி வரிசையை ஒன்றாக்க வேண்டும். ஒரு பேஸ் வரிசை ரிலேயும் பொருத்தினால், வரிசை பிழைக்கும்போது இயந்திரத்தை ஓடவிடாது.

பிறகு எல்லா டம்பரையும், தீத்தடுப்பு டம்பர் இருந்தால் அதையும், சீலிங்கில் காற்று வெளிவரும் வாய்களான டிஃபியூசர்களின் கழுத்தில் உள்ள சின்னக் கதவுகளையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். மண்டபக் கதவுகளைச் சாத்துங்கள். ஏசியைக் குளிரூட்டும் நிலையில் அரை மணித்தியாலம் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஈரமான கொயில் காய்ந்த கொயிலைவிடக் காற்றை அதிகம் மறிக்கும். வெறும் ஃபேன் ஓட்டத்தில் எடுத்த அளவு, குளிர் ஓடும்போது இருக்காது.

மொத்தக் காற்று எவ்வளவு

பங்கிடுவதற்கு முன் மொத்தம் தெரிய வேண்டும். 1 டன் குளிருக்கு, அதாவது மணித்தியாலத்துக்கு 12,000 பி.டி.யூ.வுக்கு, நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது பொதுக் கணக்கு. இந்த அளவைத்தான் சி.எஃப்.எம். என்கிறோம். வாவியும் கடலும் இரண்டு பக்கமும் நிற்கிற இந்த ஊரில் ஈரப்பதம் அதிகம், அதனால் டன்னுக்கு 350 ஆக வைத்தால் கொயில் இன்னும் குளிர்ந்து கூடுதல் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும். 10 டன் இயந்திரத்துக்கு 3,500 முதல் 4,000 வரை.

இதைவிட நன்றாகக் குறைந்தால் கொயில் உறையத் தொடங்கும். அப்போது கொம்பிரசர் காஸை இழுக்கிற பக்கத்து அழுத்தம், அதாவது சக்ஷன் அழுத்தம், விழும். ஆர் 410 ஏ காஸ் 0 பாகை செல்சியஸில் இருக்கும்போது அழுத்தம் 101 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். ஆர் 22 என்றால் 57 அல்லது 58. மீற்றர் அதற்குக் கீழே காட்டியதும் "காஸ் குறைவு" என்று முடிவெடுத்து அடித்துவிடுகிறார்கள். உண்மையில் காற்றுத்தான் குறைவு. அடித்த காஸ் பிறகு, ஃபில்டர் கழுவிய நாளில், கூடுதலாகி நின்று கொம்பிரசரை வதைக்கும். காற்றளவைப் பார்க்காமல் காஸ் சிலிண்டரைத் திறக்கவே கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

காற்று அளவுக்கு மிஞ்சினாலும் கேடுதான். கொயில் முகத்தில் நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் வேகம் போனால், தகடுகளில் நிற்கிற தண்ணீர்த் துளிகள் ட்ரேயில் விழாமல் காற்றோடு டக்டுக்குள் போகத் தொடங்கும். சீலிங்கில் மஞ்சள் கறை வந்தால் கூரை ஒழுக்கென்று நினைத்து ஓடு மாற்றியவர்கள் உண்டு.

மொத்தத்தை அளக்கச் சரியான வழி, பிரதான டக்டில், ஓடும் காற்றுக்கு எதிராக நீட்டுகிற பிட்டோ குழாயும் அதன் அழுத்தத்தைக் காட்டுகிற டிஜிட்டல் மனோமீற்றரும் வைத்துப் பார்ப்பது. வளைவு, கிளை ஏதுமில்லாத நேரான ஓட்டத்தில் அளக்க வேண்டும். டக்டின் அகலத்தைப் போல் ஏழரை மடங்கு தூரம் முன்னால் நேராக வந்திருப்பது நல்லது. 24 அங்குல டக்டுக்கு அது 15 அடி. இங்கே சீலிங்குக்குள் அவ்வளவு நேர் ஓட்டம் கிடைப்பது அரிது, கிடைத்த இடத்தில் புள்ளிகளைக் கூட்டி அளக்க வேண்டியதுதான். 24க்கு 24 டக்டென்றால் பக்கவாட்டில் 4 துளை, ஒவ்வொன்றிலும் 4 ஆழம், மொத்தம் 16 புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் வேக அழுத்தத்தைப் பாஸ்கலில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.29 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று வரும். 16 பாஸ்கல் என்றால் 5.16 மீற்றர், அதாவது நிமிடத்துக்கு 1,016 அடி. 4 சதுர அடி டக்டில் அது ஏறக்குறைய 4,060 சி.எஃப்.எம். ஒரு கவனம்: ஒவ்வொரு புள்ளிக்கும் வேகத்தைக் கண்ட பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். அழுத்தங்களைச் சராசரியாக்கிவிட்டு வர்க்கமூலம் கண்டால் விடை கூடி வரும்.

அதன் பிறகு எல்லா டிஃபியூசர்களிலும் அளந்து கூட்டிப் பாருங்கள். இயந்திர வாயில் 4,060, டிஃபியூசர்களில் கூட்டினால் 3,300 என்றால், மிச்சம் 760 சீலிங்குக்குள் போகிறது. கிளை பிரியும் கழுத்துகளில்தான் அநேகமாக ஒழுக்கு இருக்கும். கையை ஈரப்படுத்திக்கொண்டு மூட்டைச் சுற்றித் தடவினால் குளிர் சுள்ளென்று படும் இடம் தெரிந்துவிடும். துணி ரேப் சூட்டில் பசை உருகி உரிந்துவிடும். மாஸ்டிக் பசை பூசுவது நிலையானது, இல்லாவிட்டால் மேற்பரப்பைத் துடைத்து உலர்த்திவிட்டு அலுமினியம் ஃபொயில் ரேப் ஒட்டலாம். ஒழுக்கை அடைக்காமல் பங்கீடு செய்வது, வரம்பில் நண்டுப் பொந்து இருக்கத் தண்ணீர் கட்டுவது போல.

கருவி இல்லாவிட்டால்

டிஃபியூசரில் அளக்கிற கூடாரம் போன்ற ஹூட் கருவி விலை கூடியது, எல்லோரிடமும் இருக்காது. காற்றின் வேகத்தைக் காட்டுகிற, காற்றாடி வைத்த சின்ன அனிமோமீற்றர் ஒன்று போதும். அதை டிஃபியூசர் இதழுக்கு நேரே பிடித்து எடுக்கிற அளவை நம்ப முடியாது, காற்று சரிவாகப் பாய்கிறது. ஒரு கெட்டியான கார்ட்போர்ட் பெட்டியை எடுத்து, மேல் வாய் டிஃபியூசரை முழுக்க மூடும்படி 2 அடிக்கு 2 அடி, கீழ் வாய் 1 அடிக்கு 1 அடி என்று புனல் மாதிரிச் செய்யுங்கள். மேல் விளிம்பில் பஞ்சு ரப்பர் ஒட்டினால் சீலிங்கோடு இறுகி நிற்கும். கீழ் வாய் சரியாக 1 சதுர அடி என்பதால், மீற்றர் காட்டுகிற நிமிடத்துக்கான அடிவேகமே சி.எஃப்.எம். ஆகிவிடும். மீற்றரை ஒரே இடத்தில் பிடிக்காமல் வாய் முழுக்க மெதுவாக நகர்த்திச் சராசரி எடுங்கள்.

பெட்டி தானே கொஞ்சம் காற்றை மறிப்பதால் அளவு சற்றுக் குறைந்து காட்டும். அதற்குக் கவலைப்படத் தேவையில்லை. எல்லா டிஃபியூசருக்கும் அதே பெட்டி, அதே மீற்றர் என்றால் பிழையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பங்கீட்டுக்கு வேண்டியது விகிதம்தான்.

கடைமடையிலிருந்து தொடங்குவது

வேலையின் உயிர்நாடி இங்கேதான். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு டக்டில் வரிசையாக 6 டிஃபியூசர், ஒவ்வொன்றுக்கும் 600 வர வேண்டும், மொத்தம் 3,600. எல்லாம் திறந்த நிலையில் அளந்தால், கிட்ட இருப்பதிலிருந்து 900, 800, 650, 500, 350, 300. கூட்டினால் 3,500. ஆக மொத்தத்தில் குறைவில்லை, பங்கில்தான் குறை. கடைசி ஆளுக்குக் கிடைக்கிறது தன் பங்கில் பாதி, முதல் ஆளுக்கு ஒன்றரைப் பங்கு.

கை பரபரப்பது முதலாவதைப் பிடித்து 600க்கு இறக்கத்தான். அப்படிச் செய்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஏறும். இரண்டாவதை இறக்கினால் முதலாவது மறுபடி 650க்கு ஏறும். ஏணியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம், பொழுது போகும், வேலை முடியாது.

முறை இதற்கு நேரெதிர். தன் பங்கில் மிகக் குறைந்த சதவீதம் பெறுகிற டிஃபியூசரைக் கண்டுபிடியுங்கள். இங்கே ஆறாவது, 50 சதவீதம். அதன் டம்பர் முழுக்கத் திறந்தபடியே இருக்கும், கடைசி வரை அதில் கை வைக்கக் கூடாது. ஐந்தாவதைக் கொஞ்சம் மூடுங்கள். ஐந்து இறங்கும், ஆறு ஏறும். இரண்டும் ஒரே சதவீதத்துக்கு, சுமார் 54க்கு, வந்ததும் நிறுத்துங்கள். இலக்கான 600ஐ இப்போது மறந்துவிட வேண்டும். இரண்டும் சமமா என்பது மட்டும்தான் கேள்வி. அடுத்து நான்காவதை மூடி ஐந்தாவதோடு சமமாக்குங்கள். மூன்றும் 65 சதவீதத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். அடுத்து மூன்றாவது: நான்கும் 76 அளவில். இரண்டாவது: ஐந்தும் 88 அளவில். கடைசியாக முதலாவது. ஆறும் 570, 580 என்று வந்துவிடும். வடிவமைப்பு அளவிலிருந்து 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது தொழிலில் ஒத்துக்கொண்ட எல்லை, அதற்குள் இது வசதியாக நிற்கிறது.

ஏன் இந்த வரிசை வேலை செய்கிறது? ஐந்தும் ஆறும் ஒரே இடத்திலிருந்து காற்று வாங்குகின்றன. அவற்றுக்கு மேலே நீங்கள் எந்த டம்பரை ஆட்டினாலும் அந்தப் பொது இடத்தின் அழுத்தம்தான் மாறும், அது இரண்டுக்கும் ஒரே அளவில் மாறும். அதனால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். விகிதம் குலையாது. ஒருமுறை சமமாக்கியதை மறுபடி தொடத் தேவையில்லை. ஆறு டிஃபியூசரை ஒரே சுற்றில் முடிக்கலாம். பல கிளைகள் இருந்தால் முதலில் கிளைக்குள் டிஃபியூசர்களைச் சமமாக்கி, பிறகு கிளைகளைத் தமக்குள் அதே மாதிரிச் சமமாக்க வேண்டும்.

டம்பர் கைப்பிடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதி மூடினால் காற்று பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். திறந்த நிலையிலிருந்து முதல் 30 பாகை திருப்பும்வரை மீற்றரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் சடாரென்று விழும். அந்தப் பகுதியில் ஒரு விரல் அகலம் நகர்த்தினாலே அதிகம். நகர்த்தி, ஒரு நிமிடம் விட்டு, பிறகு அளந்து பாருங்கள்.

டிஃபியூசரின் கழுத்திலேயே இருக்கிற சின்னக் கதவை இறக்கித்தான் பங்கிட வேண்டுமென்றால் இரைச்சல் வரும். டம்பர் இருக்க வேண்டிய இடம் கிளை பிரிகிற இடம். அங்கே எழும் சத்தம் டக்டில் வரும் வழியில் அடங்கிவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் சீலிங் அடைப்பதற்கு முன் ஒவ்வொரு டம்பருக்கும் கீழே 18 அங்குலச் சதுரத்தில் ஒரு திறப்பு விடச் சொல்லி எஞ்சினியரிடம் எழுத்தில் கேளுங்கள். ஜிப்சம் பூசி வெள்ளையடித்த பிறகு அதைக் கேட்பதற்கு யாருக்கும் மனம் வராது.

டம்பரை எவ்வளவு மூடியும் கடைசி டிஃபியூசர் ஏறவில்லையா, அப்போது டிஃபியூசருக்குப் போகிற வளையும் குழாயை, அதாவது ஃபிளெக்ஸ் டக்டை, பாருங்கள். 25 அடிச் சுருளை வெட்டாமல் 10 அடி தூரத்துக்குச் சுருக்கிச் சொருகியிருப்பார்கள். சுருங்கிய ஃபிளெக்ஸின் உள்பக்கம் மடிப்பு மடிப்பாக நிற்கும், எதிர்ப்புப் பலமடங்காகும். இழுத்து விறைப்பாக்கி, மிச்சத்தை வெட்டி, 5 அடிக்கு ஒரு பட்டி கொடுத்துத் தொங்கவிட வேண்டும். மெல்லிய கம்பியால் கட்டினால் கழுத்தை நெரித்த மாதிரி ஆகும், பட்டி ஒன்றரை அங்குல அகலமாவது இருக்கட்டும். அளவும் முக்கியம்: 8 அங்குல ஃபிளெக்ஸில் 200, 10 அங்குலத்தில் 380, 12 அங்குலத்தில் 600 சி.எஃப்.எம். அளவுக்குத்தான் அமைதியாகப் போகும். 8 அங்குலத்தில் 600ஐத் தள்ளப் பார்த்தால் எந்த டம்பரும் உதவாது.

புளோவர் வேகம் கடைசியில்

எல்லாம் சமமான பிறகும் ஆறும் 80 சதவீதத்தில் நின்றால் மட்டுமே புளோவரின் வேகத்தில் கை வைக்க வேண்டும். காற்றளவு புளோவர் வேகத்தோடு நேராக ஏறும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், மோட்டர் இழுக்கிற சக்தி வேகத்தின் கனத்தில் (மூன்றாம் அடுக்கில்) ஏறும். 80ஐ 100 ஆக்க வேகத்தை 25 சதவீதம் கூட்ட வேண்டும். அப்போது மோட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமை. கிளாம்ப் மீற்றரை மாட்டி அம்பியரைப் பார்த்துக்கொண்டே கூட்டுங்கள், பெயர்த் தகட்டில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. மறுபக்கமும் இதே கணக்குத்தான்: காற்று கூடுதலாக இருந்து வேகத்தை 10 சதவீதம் குறைக்க முடிந்தால் மோட்டரின் சக்தி 27 சதவீதம் குறையும். சீலிங்குக்குள் மறைகிற டக்ட் ஸ்ப்ளிட் வகைகளில் கப்பி இருக்காது. வேக வயரை மாற்றுவது, அல்லது ரிமோட் வழியாக, டக்டின் எதிர்ப்புக்கு ஏற்ற ஸ்டாட்டிக் அழுத்த நிலையைத் தெரிவு செய்வது என்று கையேட்டில் இருக்கும்.

திரும்பி வரும் காற்று

உள்ளே அனுப்புகிற காற்று திரும்பி வர வழி இல்லாவிட்டால் அனுப்புவதும் நின்றுவிடும். ஆஸ்பத்திரி, அலுவலகம் போன்ற அறை அறையாகப் பிரித்த இடங்களில் இதுதான் பெரிய நோய். கதவைச் சாத்தினால் அறைக்குள் காற்று அமுங்கி, புதிதாக வருவதைத் தடுக்கும். கதவுக்குக் கீழே முக்கால் அங்குல இடைவெளி போதுமே என்பார்கள். அதனால் போவது 40 சி.எஃப்.எம். அளவுதான். அறைக்கு 300 கொடுக்கிறீர்கள் என்றால், காற்று போகும் திறந்த பரப்பு 180 சதுர அங்குலம் உள்ள கிரில் ஒன்று கதவிலோ சுவரிலோ வேண்டும். சோதிக்க ஊதுவத்தி ஒன்று போதும். கதவைச் சாத்திவிட்டு வெளியில் நின்று கீழ் இடுக்கில் பிடியுங்கள். புகை கோடாக நீண்டு வெளியே விசிறினால் உள்ளே அமுக்கம். மெல்ல மேலே எழும்பினால் சரி.

எங்கள் பக்கத்து மண்டபங்களில் இன்னொரு தவறு அடிக்கடி இருக்கிறது. திரும்பு காற்றுக்கு டக்ட் போடாமல், சீலிங்குக்கு மேலுள்ள வெளியையே பாதையாக விட்டுவிடுவது. மேலே கொங்கிறீட் தட்டென்றால் அது நடக்கும். மேலே இருப்பது தகரமோ அஸ்பெஸ்டஸோ என்றால், மேற்கிலிருந்து சூடாக வீசுகிற கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் அந்த வெளி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரிக் காயும். கூரை விளிம்பால் வெளிக்காற்றும் நுழையும். 25 பாகைக் காற்று 80 சதவீதமும் 45 பாகைக் காற்று 20 சதவீதமும் கலந்தால் இயந்திரத்துக்குப் போவது 29 பாகைக் காற்று. இருக்கிற குளிரில் கணிசமான பங்கு கூரையைக் குளிரூட்டவே போய்விடும். இதற்கு எந்தப் பங்கீடும் மருந்தாகாது. திரும்பு கிரிலிலிருந்து இயந்திரம் வரை டக்ட் இழுத்தே ஆக வேண்டும்.

வெளிக்காற்று, கூட்டம், கச்சான்

உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் 100 வாட் அளவு வெப்பம் விடுகிறார். 34 பேர் வந்து இருந்தால் 1 டன் ஏசி அவர்களுக்கே சரி. ஜும்மா நேரத்தில் நிறைகிற பள்ளிவாசலை வெறுமையாக இருக்கும்போது குளிரை வைத்துப் பங்கிட்டால் ஏமாற்றம்தான். அளவைக் காற்றை வைத்து எடுங்கள், ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டுப் பங்கை நிர்ணயியுங்கள். எல்லா டிஃபியூசருக்கும் சம பங்கு என்று எந்தச் சட்டமும் இல்லை. மேற்குச் சுவர்ப் பக்கமும் கண்ணாடி வாசல் பக்கமும் கூடுதல் பங்கு கேட்கும்.

மூச்சுக்குத் தேவையான வெளிக்காற்று, மண்டபம், தொழுகை இடம் போன்றவற்றில் ஆளுக்கு 5 சி.எஃப்.எம்., அதோடு தரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 0.06 என்று அமெரிக்கக் குளிரூட்டல் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 தரநியமம் சொல்கிறது. 300 பேர், 4,000 சதுர அடி என்றால் 1,500உம் 240உம் சேர்த்து 1,740. சமையலறை, கழிப்பறை ஃபேன்கள் வெளியே இழுக்கிற மொத்தத்தைவிட இது சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் மண்டபம் வெளியிலிருந்து ஈரக்காற்றைக் கதவிடுக்குகளால் உறிஞ்சும். பிறகு 13 பாகையில் குளிர்ந்து நிற்கிற டிஃபியூசர் விளிம்பில் வியர்வை கட்டி, பிரியாணித் தட்டில் சொட்டு விழும். அதைப் பார்த்துவிட்டு டிஃபியூசரை மாற்றுவது வீண். ஊதுவத்தியை மண்டப வாசலில் பிடித்துப் புகை உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்று பாருங்கள், விடை அங்கே இருக்கிறது.

வெளிக்காற்று எடுக்கிற வாய் எந்தப் பக்கம் என்பதும் இங்கே யோசிக்க வேண்டியது. கடலைப் பார்த்து வைத்தால் உப்பு, மேற்கே வைத்தால் கச்சான் காலத்துப் புழுதி, வடகிழக்கே வைத்தால் மாரியில் வாடையோடு மழை. எங்கே வைத்தாலும் மேலே கூண்டும், நிமிடத்துக்கு 400 அடிக்கு மிஞ்சாத வேகமும், கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டரும் இருக்கட்டும். கச்சான் பலமாக வீசுகிற பின்னேரங்களில் பங்கீடு செய்ய வேண்டாம். மேற்கு வாசல் திறந்து மூடும்போதெல்லாம் மீற்றர் ஆடும். காலையில் காற்று அடங்கியிருக்கும்போது முடித்துவிடுங்கள்.

குளிர் நாடுகளில் இதே டக்ட் மாரியில் சூட்டையும் கோடையில் குளிரையும் கொண்டுபோகிறது. சூட்டுக்காற்று மேலே ஏறும், குளிர்காற்று கீழே இறங்கும் என்பதால் மாடி வீடுகளில் டம்பருக்கு இரண்டு அடையாளம் போட்டுப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவார்கள். நமக்கு ஒரு அடையாளம் போதும்.

அந்த அடையாளத்தை அழியாமல் போடுங்கள். வேலை முடிந்ததும் கைப்பிடியின் வண்ணத்துப்பூச்சி நட்டை இறுக்கி, கைப்பிடிக்கும் தகட்டுக்கும் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு. உப்புக் காற்றில் இரும்பு நட்டும் தண்டும் ஓரிரு வருடத்தில் துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு திருப்பப் போனால் முறியும். துருப்பிடிக்காத உருக்கு நட்டுகளைப் போட்டுத் தண்டில் கிரீஸ் தடவினால் அடுத்தமுறை கை வைக்கிறவர் வாழ்த்துவார். துளையிட்ட இடங்களுக்கு ரப்பர் மூடி. ஒவ்வொரு டிஃபியூசரின் இலக்கு, முதல் அளவு, இறுதி அளவு, மோட்டர் அம்பியர், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தம், திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, லேமினேற் செய்து, இயந்திரக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மண்டபத்துக்குள் புதிதாகத் தடுப்புச் சுவர் வந்தாலோ, ஃபில்டர் வகை மாறினாலோ, கச்சான் காலம் முடிந்து கழுவிய பிறகோ, அந்தத் தாளைப் பார்த்து மூன்று டிஃபியூசரை மட்டும் அளந்தால் போதும். எண்கள் ஒத்துப்போனால் ஏணியை மடக்கிவிடலாம்.

கடைசிக் கிளையின் டம்பரில் மட்டும் சிவப்புப் பெயின்ட். பக்கத்தில் "முழுத் திறப்பு, மூட வேண்டாம்" என்று பெரிய எழுத்தில், சீலிங் திறப்பால் தலையை நீட்டியதும் கண்ணில் படுகிற பக்கமாக.